சோற்றுக்குக் கறியா, கறிக்குச் சோறா?

எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கும் அக்கா மூன்று மாதமாக இரவுச் சோற்றை விட்டுவிட்டார். “தம்பி, நான் இப்ப இரவில சோறே தொடுறேல்லை. மா சாப்பாடுதான். ரெண்டு குழல் புட்டு, கொஞ்சம் சம்பல், சொதி. எண்டாலும் நிறை அசையுதே இல்லை” என்று படலையடியில் நின்று கவலைப்பட்டார்.

புட்டு எதில் அவிக்கிறோம்? அரிசி மாவில். சோறு? அதே அரிசியில். இதை அந்த இடத்தில் நான் அவருக்குச் சொல்லவில்லை. இரண்டு வருடம் முன்பு வரை நானும் ‘இரவில் சோறில்லை’ கட்சிதான். வண்டி (தொப்பை) மட்டும் மாதா மாதம் முன்னுக்கு வந்துகொண்டிருந்தது. கிளினிக்கில் சீனி பார்த்த டொக்டர் “எல்லையில நிக்குது, இப்பவே கவனியுங்கோ” என்ற பிறகுதான், சாப்பாட்டைப் பற்றிக் காதில் விழுந்ததையெல்லாம் ஒருபக்கம் வைத்துவிட்டு அரிச்சுவடியிலிருந்து படிக்கத் தொடங்கினேன். அந்த அரிச்சுவடியை எங்கள் வீட்டுக் குசினியை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

கிணறும் இறைப்பும்

கலோரி என்பது சாப்பாட்டுக்குள் இருக்கும் ஏதோ கெட்ட பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஓர் அளவு, கிலோவும் லீற்றரும் போல. ஒரு லீற்றர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை கூட்டத் தேவையான சக்திதான் நாம் உணவுக் கணக்கில் சொல்லும் ஒரு கலோரி. விறகுக்கு எரிசக்தி இருப்பது போலவே பாணுக்கும் மீனுக்கும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர் பொறுமையாக அளந்து வைத்த கணக்குத்தான் இன்றைக்கும் உணவுப் பொதிகளின் பின்பக்கத்தில் இருக்கிறது: மாச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, சீனியும் அதே 4, புரதமும் 4, கொழுப்பு மட்டும் 9. சாராயக்காரருக்கும் ஒரு தகவல்: மதுசாரம் 7.

இந்தச் சக்தியில் பெரும்பகுதி நாம் ஓடி ஆடுவதற்குப் போவதில்லை. இதயம் அடிக்க, மூளையும் ஈரலும் வேலை செய்ய, உடம்பு சூடாக இருக்க என்று, சும்மா படுத்திருந்தாலும் செலவாகும் பங்குதான் பலருக்கும் மொத்தத்தில் அறுபது எழுபது வீதம். மிச்சம் நடமாட்டத்துக்கும் சமிபாட்டுக்கும்.

ஆறில்லாத யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளங்கப்படுத்தக் கிணற்றை விட நல்ல உதாரணம் கிடைக்காது. ஊறுவதும் இறைப்பதும் சரியாக இருந்தால் கிணற்று மட்டம் ஒரே இடத்தில் நிற்கும். இறைப்புக் குறைந்தால் ஏறும். உடம்பில் ஏறுவது கொழுப்பு. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 250 கலோரி மிஞ்சினால் மாதம் ஒரு கிலோ என்று கணக்கு வருகிறது. நேர்கோட்டில் அப்படியே ஏறிக்கொண்டு போகாது. உடம்பு பெரிதாகும்போது அதன் செலவும் கூடுவதால் ஓரிடத்தில் மட்டம் நின்றுவிடும். ஆனால் அந்த 250 எவ்வளவு சின்னத் தொகை என்பதுதான் விஷயம். கால் றாத்தல் பாணை விடக் குறைவு.

சரி, எங்கள் இறைப்புக்கு என்ன நடந்தது? என் பாட்டனார் துலாவில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர், மண்வெட்டியால் கொத்தியவர். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் வாத்தியாரும் டொக்டரும் மணப்பெண்ணும் சைக்கிளில்தான் போனார்கள். இப்போது சந்திக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கவும் ஸ்கூட்டரை உதைக்கிறோம், தண்ணீருக்கு மோட்டர் சுவிட்சைத் தட்டுகிறோம். கோப்பையில் விழும் சோறு மட்டும் துலாக் காலத்து அளவிலேயே நிற்கிறது.

தராசில் ஏறிய புட்டு

ஒருநாள் இரவு, தபாலில் வாங்கிய ஒரு சின்னத் தராசோடு குசினிக்குள் போய் அம்மாவுக்குக் கரைச்சல் கொடுத்தேன். எனக்கும் அவவுக்குமாக இரண்டு பேருக்குத்தான் புட்டு. அம்மா அள்ளிப்போட்ட மா 250 கிராம். திருவலையில் திருவிய அரைத் தேங்காயின் பூ 140 கிராம். அரிசி மா நூறு கிராமில் 365 கலோரி அளவில் இருக்கும், தேங்காய்ப்பூ நூறு கிராமில் 350 அளவில். மாவில் 910, தேங்காயில் 490. இரண்டையும் கூட்டினால் 1,400. ஆளுக்கு 700. இன்னும் சம்பல் வரவில்லை. சம்பலுக்குக் கால் தேங்காய் போனது, அதில் ஆளுக்கு 120. சொதியைக் கணக்கில் எடுக்காமலே 800 தாண்டிவிட்டது.

அடுத்த நாள் மத்தியானம் சோற்றைத் தராசில் வைத்தேன். நான் வழக்கமாகப் போடும் மூன்று அகப்பைச் சோறு 300 கிராம் வந்தது. ஆக்கின சோறு நூறு கிராமில் 130 கலோரி. மொத்தம் 390!

சோற்றைத் தள்ளிவிட்டுப் புட்டைக் கிட்டச் சேர்த்ததில் என் இரவுச் சாப்பாடு கூடியிருக்கிறது. ஒரே அரிசி, பிறகு ஏன் இந்த வித்தியாசம்? பதில் தண்ணீர். சோறு அவியும்போது அரிசி தன் நிறையை விடக் கூடத் தண்ணீரைக் குடிக்கிறது. தண்ணீருக்குக் கலோரி இல்லை, ஆனால் வயிற்றில் இடம் பிடிக்கிறது. புட்டுக்கு மாவைக் குழைக்கும்போது நாங்கள் தெளிப்பதோ கொஞ்சத் தண்ணீர், அதுவும் உதிரியாக வரவேண்டும் என்ற கவனத்தோடு. பிறகு கொழுப்பு நிறைந்த தேங்காய்ப்பூவை நடு நடுவே வைக்கிறோம். முடிவில் நூறு கிராம் புட்டில் 240 கலோரிக்கு மேல், கிட்டத்தட்டச் சோற்றின் இரு மடங்கு. பாணும் இப்படித்தான், அதில் தண்ணீர் இன்னும் குறைவு. 450 கிராம் றாத்தல் ஒன்றில் 1,200 கலோரி அளவில் இருக்கிறது. “பாண்தானே, வயித்துக்குக் காணாது” என்று அரை றாத்தலைச் சம்பலோடு முடிப்பவர் 600 கலோரியைப் பாணில் மட்டும் முடித்திருக்கிறார்.

இதைத்தான் கலோரி அடர்த்தி என்கிறார்கள். ஒரு பிடி சாப்பாட்டுக்குள் எத்தனை கலோரி நெருக்கி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற கணக்கு. நிறை குறைக்க நினைப்பவர் வேறு ஒன்றையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது என்பது என் எண்ணம். வயிற்றுக்குக் கலோரி எண்ணத் தெரியாது. அது பெருமளவுக்கு இடத்தையும் கனத்தையும்தான் உணர்கிறது. எனவே தண்ணீரும் நாரும் கூடிய சாப்பாட்டில் அதே நிறைவு குறைந்த கலோரிக்குக் கிடைக்கும்.

இதற்கு ஊரிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கூழ். பெரிய பானை நிறையத் தண்ணீர், அதில் மீன் துண்டு, மீன் தலை, நண்டு, றால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டு, ஒரு பிடி முருங்கையிலை, ஒரு சிறங்கை அரிசி. கடைசியில் கரைத்து ஊற்றும் ஒடியல் மாவோ, ஒரு குடும்பத்துக்கே ஒரு பேணி அளவுதான். பழப்புளியும் செத்தல் மிளகாயும் சேர்ந்து மூக்கு ஒழுக, மாமர நிழலில் குந்தி இருந்து பனையோலைப் பிளாவில் இரண்டு தரம் வாங்கிக் குடித்தவர் மூன்றாம் தரம் கேட்பது அபூர்வம். வயிறு முட்டிவிடும். உள்ளே போனது பெரும்பாலும் தண்ணீரும் மீனும் மரக்கறியும்.

தேங்காய், எண்ணெய், கத்தரிக்காய்

தேங்காயைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. தேங்காய்ப்பால் இல்லாத சொதியை நினைத்துப் பார்க்கவே எனக்கு மனமில்லை. ஆனால் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடுத்தரத் தேங்காய் ஒன்றைத் துருவினால் கிடைக்கும் பூவில் ஏறக்குறைய ஆயிரம் கலோரி. நாலு பேர் வீட்டில் காலை சம்பல், மத்தியானம் பால்கறியும் வறையும், இரவு புட்டு என்று நாளுக்கு இரண்டு தேங்காய் உடைந்தால், ஆளுக்கு 500 கலோரிக்குக் கிட்டத் தேங்காயால் மட்டும் வருகிறது. பிழிந்து எறியும் சக்கையோடு ஒரு பங்கு போய்விடும் என்பது உண்மை. மிச்சமும் சின்னத் தொகை அல்ல.

எங்கள் வீட்டில் செய்த மாற்றம் இதுதான். புட்டுக்குப் பாதிக்குப் பதில் கால் தேங்காய். கறிகளில் ஒன்றுக்கு மட்டும் முதற்பால், மற்றவற்றுக்குத் தண்ணியான கப்பிப் பால் அல்லது பாலே இல்லை. மீனைத் தண்ணீர்க் குழம்பாக, புளி கூட்டி வைத்தால் பால் கேட்பதில்லை. அம்மா முதல் கிழமை முகத்தைச் சுளித்தா. இரண்டாம் கிழமை தேங்காய் விலையைக் கணக்குப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

எண்ணெயில் நாங்கள் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறோம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், போத்தலில் இதயப் படம் போட்ட எண்ணெய், எல்லாம் அதே 120. ‘நல்ல’ என்ற பெயர் கலோரியைக் குறைக்காது. கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு எனக்கு உயிர். ஒரு வெள்ளிக்கிழமை தாச்சியில் ஊற்றிய எண்ணெயையும் பொரித்து முடிய மிஞ்சிய எண்ணெயையும் அளந்து பார்த்தேன். ஆறு மேசைக்கரண்டியைக் காணவில்லை. கத்தரிக்காய் பஞ்சு மாதிரி, குடித்துவிட்டது. எழுநூறு கலோரி எண்ணெய், ‘சைவச் சாப்பாடு’ என்ற பெயரில். வெள்ளி, செவ்வாயில் மச்சம் (மீன், இறைச்சி) விடுவதால் உடம்பு குறையும் என்று நம்புகிறவர்கள், அன்றைக்குக் கோப்பையில் இருக்கும் பொரித்த குழம்பு, அப்பளம், மோர்மிளகாய், வடை, பாயாசம் என்பவற்றை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

கோப்பையில் யார் முதலில்

இனித்தான் தலைப்புக்கு வருகிறேன். எங்கள் ஊரில் சாப்பாடு போடும் முறை உங்களுக்குத் தெரியும். முதலில் சோறு, குவியலாக. பிறகு அதன் ஓரங்களில் இடம் கிடைத்த அளவுக்குக் கறிகள். கறி என்பதே சோற்றை இறக்குவதற்கான துணை. காணாமல் போனால் சொதியை ஊற்றி இன்னும் ஒரு அகப்பை. நான் இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றினேன். முதலில் கீரையும் மரக்கறியும், கோப்பையின் அரைவாசிக்கு. அடுத்து மீனோ முட்டையோ பருப்போ கடலையோ, காற்பங்குக்கு. மிச்சம் இருக்கும் காற்பங்கில் சோறு. சாப்பாடு அதே சாப்பாடு, அகப்பை போகும் வரிசைதான் வேறு. சோற்றை முதலில் போட்டுவிட்டுக் ‘குறைத்துப் போட்டேன்’ என்று மனதைத் தேற்றுவதை விட இது நூறு மடங்கு சுலபம், ஏனென்றால் கடைசியில் வரும் சோற்றுக்கு இடமே கொஞ்சம்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உருளைக்கிழங்கு, மரவள்ளி, இராசவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் கறிச்சட்டியில் இருந்தாலும் கணக்கில் சோற்றின் உறவுக்காரர்கள். பாணும் உருளைக்கிழங்குக் கறியும் என்பது மாவுக்கு மாவைத் தொட்டுத் தின்பது. மரக்கறி என்று நான் சொல்வது வெண்டி, பாவல், புடோல், பயற்றங்காய், பூசணி, வாழைப்பொத்தி, கத்தரி (அவித்தோ பால் விட்டோ, பொரிக்காமல்) போன்றவற்றை. கீரைக்கு இங்கே பஞ்சமில்லை. காலையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஈரச் சாக்கில் அடுக்கி வைத்திருக்கும் பொன்னாங்காணி, வல்லாரை, பசளி, முளைக்கீரைப் பிடிகளில் இரண்டைத் தூக்கிச் சைக்கிள் கூடையில் போட்டால் ஒரு நாள் பாடு முடிந்தது. முருங்கைக்கு அதுவும் வேண்டாம், வேலியில் நிற்கிறது. பழமும் மரக்கறியுமாக நாளுக்குக் குறைந்தது 400 கிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மத்தியானம் ஒரு கரண்டி வறையோடு அது நிறையாது.

புரதத்துக்கு ஏன் தனி இடம்? இரண்டு காரணம். அது பசியை நீண்ட நேரம் அடக்கும். அத்தோடு, நிறை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். போதிய புரதமும் உடல் உழைப்பும் இருந்தால் தசை இழப்புக் குறையும். கடல் சூழ்ந்த ஊரில் இதற்கு மாவும் பவுடரும் ரின்னில் வாங்குவது எனக்குப் பகிடியாகத் தெரிகிறது. மீன் சதை நூறு கிராமில் இருபது கிராமுக்குக் கிட்டப் புரதம். பாசையூரிலோ குருநகரிலோ சீலாவும் விளைமீனும் விலை ஏறிக் கிடக்கும் நாளில் சூடையும் கீரியும் கைக்கு எட்டும் விலையில் இருக்கும். சத்தில் அவை ஒரு படியும் கீழே இல்லை. பொரிக்காமல் குழம்பு வைத்தால் சரி. மச்சம் சாப்பிடாதவருக்கு அவித்த கடலை, பயறு, கௌபி, தயிர்.

சிவப்பரிசி பற்றிக் கேட்பார்கள். மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசியிலும் குரக்கனிலும் நார் கூட, பசி தாங்கும், தீட்டிய வெள்ளைப் பச்சையை விட நிச்சயம் நல்லது. கலோரியில் மட்டும் பெரிய வித்தியாசம் கிடையாது. குரக்கன் புட்டு என்பதற்காக மூன்று குழல் சாப்பிட உரிமை வந்துவிடாது.

தேத்தண்ணிக்குள் ஒளிந்திருப்பது

காலை எழும்பினதும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, யாரும் வந்தால் ஒன்று. நாலு தேத்தண்ணி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி, கரண்டிக்கு ஐந்து கிராம். நாளுக்கு 40 கிராம், 160 கலோரி. வருடத்துக்கு 14 கிலோவுக்கு மேல் சீனி! ஒரு மூட்டையில் கட்டி முற்றத்தில் வைத்துப் பார்த்தால் பயம் வரும். சேர்த்த சீனி மொத்தச் சக்தியில் பத்து வீதத்துக்குள் நிற்க வேண்டும், ஐந்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், அல்லது 25. தேத்தண்ணியே 40 எடுத்துவிட்டால் பிஸ்கற்றுக்கும் பணிஸுக்கும் எங்கே இடம்?

திரவமாகப் போகும் கலோரிக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. அது வயிற்றை நிரப்பியதாக உணரப்படுவதில்லை. ஒரு போத்தல் சோடா குடித்ததற்காக யாரும் இரவில் ஒரு இடியப்பத்தைக் குறைப்பதில்லை. இலங்கையில் 2016 முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் நிற அடையாளம் போடுகிறார்கள்: நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, இரண்டுக்கும் பதினொன்றுக்கும் இடையில் செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. சிவப்பு வட்டம் போட்ட 400 மில்லிலீற்றர் போத்தலில் ஒன்பது தேக்கரண்டி சீனி. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் வெயிலுக்கு ஒன்று, ஐஸ்கிறீம் ஒன்று என்று போனால் கொடியேற்றத்துக்குப் போட்ட சட்டை தீர்த்தத்துக்குப் பொத்தான் பூட்டாது.

பனங்கட்டி? அதுவும் சீனிதான். சலரோகக்காரர் (நீரிழிவு உள்ளவர்) பனங்கட்டி எவ்வளவும் சாப்பிடலாம் என்று சொல்பவரை நம்பவேண்டாம். ஆனால் சீனி போடாத பிளேன்ரீயோடு ஒரு சின்னத் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்கும் எங்கள் பழக்கம் எனக்குப் பிடிக்கும். நாக்கு இனிப்பைக் கண்டுகொள்கிறது, கரண்டிக் கணக்கு வருவதில்லை. நான் இரண்டு கரண்டியை ஒன்றரையாக, ஒன்றாக, அரையாக, கிழமைக்கொரு படியாக இறக்கினேன். ஒரே நாளில் விட்டவர்கள் நாலாம் நாள் திரும்பி வந்ததைத்தான் கண்டிருக்கிறேன்.

“இன்னும் கொஞ்சம் போடட்டோ?”

கணக்கெல்லாம் சுலபம். கஷ்டம் மனிசரில். எங்கள் தாய்மார் பலர் தட்டுப்பாட்டைக் கண்டவர்கள். இடம்பெயர்ந்து, பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நின்று, பிள்ளைக்குப் போட ஒன்றும் இல்லாமல் இருந்த இரவுகள் அவர்களுக்கு மறக்கவில்லை. அவர்கள் கையில் அகப்பை இருக்கும்போது “போதும்” என்ற சொல் அவர்கள் காதில் வேறு மாதிரி விழுகிறது. மெலிந்தவனைக் கண்டால் “என்ன வருத்தம்?” என்று கேட்கிற ஊர் இது. நான் மூன்று கிலோ குறைந்தபோது ஒரு பெரியம்மா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, “பெடியனுக்கு வீட்டில ஏதும் பிரச்சினையோ?” என்று விசாரித்தா.

வாதாடிப் பயனில்லை. சண்டை பிடித்துச் சாப்பாட்டைத் தள்ளினால் அவர்களுக்கு நோகும். நான் கண்ட வழி, மறுக்காமல் கேட்பது. “அம்மா, சோறு போதும், அந்த வறையில இன்னும் ஒரு கரண்டி போடுங்கோ.” அகப்பைக்கும் வேலை கிடைக்கிறது, கோப்பையும் தப்புகிறது. கலியாண வீட்டில் மெதுவாகச் சாப்பிட்டால், மற்றவர்கள் இரண்டாம் தரம் வாங்கும்போது என் இலையில் இன்னும் சோறு இருக்கும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் அளவில் எடுக்கும் என்பதால் இதில் வேறு இலாபமும் உண்டு.

எவ்வளவு, எவ்வளவு வேகம்

உங்கள் நிறை கூடவா என்று அறிய, கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தரம் பிரித்துப் பாருங்கள். என் உயரம் 1.68 மீற்றர், அப்போதைய நிறை 76 கிலோ. விடை 27 வந்தது. பொதுவான எல்லை 25. ஆனால் ஆசியர்களுக்குக் குறைந்த பருமனிலேயே சலரோகமும் இதய நோயும் வருவதால் 23இலிருந்தே கவனம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. இந்த எண்ணை விட இடுப்பு அளவு நேர்மையானது என்பது என் கட்சி, தையற்காரரின் நாடா போதும். எங்கள் பகுதி ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80உம் எல்லை. கை கால் மெலிந்து வண்டி மட்டும் உள்ளவர்கள் எங்களில் நிறைய. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்புத்தான் கூடுதலாகக் கெடுதல் செய்கிறது.

சின்ன இலக்கு வையுங்கள். இருக்கும் நிறையில் ஐந்து வீதம் குறைந்தாலே இரத்தச் சீனியிலும் பிரஷரிலும் பலன் தெரியத் தொடங்கும். எனக்கு அது நாலு கிலோ. ஐந்து மாதம் எடுத்தது. கிழமைக்கு அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம். அதற்கு மேல் ஆசைப்படவேண்டாம்.

விரதம் பிடித்து ஆறு நாளில் மூன்று கிலோ குறைந்தது என்பார்கள். குறைந்தது உண்மைதான், ஆனால் பெரும்பகுதி தண்ணீர். ஈரலும் தசையும் அவசரத்துக்கு என்று மாச்சத்தைச் சேமித்து வைக்கின்றன, அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு நின்றதும் சேமிப்புக் கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. சஷ்டி முடிந்து பாறணை பண்ணியதும் இரண்டும் திரும்ப வந்து இருந்துவிடும். கடவுளுக்காகப் பிடிக்கும் விரதத்தைத் தராசுக்காகப் பிடிக்கவேண்டியதில்லை. முக்கியமாக, சலரோகத்துக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை வெட்டினால் சீனி திடீரென்று இறங்கி, வியர்த்து நடுங்கி விழக்கூடும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் வளரும் பிள்ளைகளும் இந்தக் கட்டுரையைப் பார்த்து நிறை குறைக்கக் கூடாது. ஒன்றும் செய்யாமலே நிறை இறங்குகிறதென்றால் சந்தோசப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்று நாலு மாதத்தில் தராசு அப்படியே நிற்கும். பயப்படவேண்டாம். 76 கிலோ உடம்பைச் சுமக்கத் தேவைப்பட்ட சக்தி 72 கிலோவுக்குத் தேவையில்லை, ஆகவே குறைத்த சாப்பாடும் இப்போது செலவுக்குச் சரிசமனாகிவிட்டது. இந்த இடத்தில்தான் பலர் மனம் விட்டு, கடையில் காணும் குளிசையையும் பவுடரையும் தேடுகிறார்கள். ஒரு பெயர் தெரியாத ‘மெலியும் தேத்தண்ணி’க்கு நானும் காசு கொடுத்தவன். வயிற்றோட்டத்தால் இரண்டு கிலோ குறைந்து, மூன்றாம் நாள் திரும்பி வந்தது. கொறக்காப் புளியிலிருந்து எடுத்தது, இயற்கையானது என்று விற்கும் மெலியும் குளிசைகளால் சிலருக்கு ஈரல் பழுதான பதிவுகள் இருக்கின்றன. வெந்நீரில் தேசிக்காயும் தேனும் விட்டுக் குடிப்பதால் ஆபத்து இல்லை, கொழுப்பும் கரையாது. தேனின் இருபது கலோரி கூடும், அவ்வளவுதான்.

நடையைப் பற்றிக் கொஞ்சம். பண்ணைக் கடற்கரையில் பின்னேரம் ஒரு மணித்தியாலம் விறுக்கென்று நடந்தால் 250, 300 கலோரி போகும். திரும்பி வரும் வழியில் ஒரு ரோல்ஸும் பால் தேத்தண்ணியும் என்றால் அது முழுவதும் வந்துவிடும். நிறையை இறக்குவதில் குசினிக்குத்தான் பெரிய பங்கு. இறங்கின நிறையை ஏறவிடாமல் பிடிப்பதிலும், சீனியைக் கட்டுப்படுத்துவதிலும், தசையைக் காப்பதிலும் நடை பெரிய ஆள். கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் வேண்டும். சந்திக்குச் சைக்கிளில் போனாலும் கணக்கில் சேரும்.

அக்காவுக்குப் பிறகு ஒருநாள் தராசுக் கதையைச் சொன்னேன். புட்டை விடச் சொல்லவில்லை. தேங்காய்ப்பூவைப் பாதியாக்கி, மாவுக்குச் சரிசமனாக முருங்கையிலையும் துருவிய கரட்டும் கலந்து, அவித்துப் பார்க்கச் சொன்னேன். அடுத்த கிழமை படலையடியில் கண்டார்.

“அவிச்சனான் தம்பி. நல்லாத்தான் இருக்கு, ஒரு குழலோட எனக்கு வயிறு முட்டிட்டுது. ஆனா இவர் கோப்பையைப் பாத்திட்டுக் கேக்கிறார், இது எனக்கோ, இல்லாட்டி ஆட்டுக்குப் போட வைச்ச குழையோ எண்டு.”